முப்பத்தெட்டு கிலோ

நேற்று வரை படியேறியவன்
இன்று விடியற்காலை மூன்றரைக்கு
எழுந்திருக்கப் பார்த்தான்.
எழுந்தது முன்பாதி மட்டும்.
பின்பாதி தரையிலேயே கிடந்தது
யாரோ விட்டுவிட்டுப் போன மூட்டை மாதிரி.

குரைக்கவில்லை. அதுதான் என்னை எழுப்பியது.
மூச்சு மட்டும், வாயைத் திறந்து,
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி
நின்ற இடத்திலேயே இரைவதுபோல.

இடுப்பில் கை வைத்தேன்.
பதினோரு வருஷத்தில் முதல்முறை
என்னிடம் பல்லைக் காட்டினான்.
உடனே அதே கையை நக்கினான்.
எதற்கு மன்னிப்பு, டேங்கர்,
வலிக்கிற இடத்தில் கை வைத்தது நான்.

பெயர்க்காரணம் கேட்பவர்களுக்கு:
மணலியில், டேங்கர் லாரிக்கு அடியில் கிடைத்தவன்.
ஒரு கையில் எடுத்துவந்தேன்.
இப்போது முப்பத்தெட்டு கிலோ.
ரேஷன் கடைத் தராசில் நிறுத்திப் பார்த்தது,
எடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்த நேரம்.

அலமாரியில் என் மாத்திரை அட்டை இருந்தது,
எட்டு மணி நேரம் குனிந்து தைக்கும் முதுகுக்கு வாங்கியது.
பாதி உடைத்துவிட்டேன்.
போனில் டாக்டர் பெனினா தூக்கக் குரலிலேயே கத்தினார்:
"மனுஷ மாத்திரை எதுவும் வேணாம்.
வயிறு புண்ணாயிடும், கிட்னி போயிடும்.
பின்பாதத்தை மடிச்சு, மேல்பக்கம் தரையில படற மாதிரி வைங்க.
திருப்பிக்கிறானா பாருங்க."

இடது கால் உடனே திருப்பிக்கொண்டது.
வலது கால்

அந்த இடைவெளியில்
தண்டையார்பேட்டையில் ஒரு தண்ணீர் லாரிகூட ஓடவில்லை.

பிறகு மெல்ல,
தூக்கத்தில் புரளும் குழந்தையின் கை மாதிரி,
திரும்பியது.
"நரம்பு உயிரோட இருக்கு. எட்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க.
அதுவரைக்கும் வழுக்காம பாத்துக்கோங்க."

வழுக்காமல்.
போன தீபாவளிக்குத்தான் டைல்ஸ் போட்டோம்.
முகம் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி.
அன்றிலிருந்து இவன் சுவரை உரசியே நடந்ததை
வயசுக்கு வந்த அடக்கம் என்று நினைத்திருந்தேன்.
மிதியடி, அரிசிச் சாக்கு, என் பழைய நைட்டி,
கதவு வரைக்கும் பாதை போட்டேன்.

அவனுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கண் வாசலிலேயே.
பேப்பர் விரித்தேன், இங்கேயே போடா என்றேன்.
தலையைத் திருப்பிக்கொண்டான்.
பதினோரு வருஷ மானம்.

குளியல் துண்டை வயிற்றுக்கடியில் விட்டு
தொடைக்கு முன்னால் சேர்த்து முடிந்தேன்.
இரண்டு மாடி. இருபத்தெட்டு படி.
நாலாவது படியில் துண்டு நழுவியது.

கீழ்மாடிக் கதவு திறந்தது.
டெல்லிபாபு. ஹார்பரில் கப்பலுக்குக் கயிறு பிடிப்பவர்.
பத்து மாதமாகப் பேச்சில்லை எங்களுக்குள்.
டேங்கர் அவர் ஸ்கூட்டரை நனைத்த விவகாரம்
கார்ப்பரேஷனில் மனுவாக இருக்கிறது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே மேலே வந்தார்.
"இன்னா முடிச்சுமா இது?"
அவிழ்த்தார். வயிற்றை அழுத்தாமல் அகலமாக விரித்தார்.
இரண்டு முனையையும் தன் பிடியில் எடுத்துக்கொண்டு
"நீ தலாண்ட போ. உன் மூஞ்சியப் பாத்துதான் வருவான்."

இறங்கினோம்.
முன்கால்கள் அவனுடையவை,
பின்கால்கள் டெல்லிபாபுவுடையவை.
நான் பின்பக்கமாகவே இறங்கினேன்,
என்னென்னவோ பேசிக்கொண்டு. கறிக்கொழம்பு என்றுகூடச் சொன்னேன்.

கீழே மின்கம்பம் இருந்தது.
மணல் குவியல் இருந்தது.
எல்லாவற்றையும் தாண்டி இழுத்தான்
அந்த நீல ஸ்கூட்டர் வரைக்கும்.
காலைத் தூக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான்.

டெல்லிபாபு துண்டை ஒரு பக்கம் லேசாக உயர்த்திப் பிடித்தார்,
கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு.

நெடுநேரம் போனான்.

"ஆஸ்பத்திரி எத்தினி மணிக்கு?"
எட்டு என்றேன்.
அவர் ஷிப்ட் ஆறுக்கு. அது இந்தக் கட்டடத்துக்கே தெரியும்.
துண்டை விடவில்லை.